ஐந்து மில்லிமீட்டர்

அந்தப் படிவம் மூன்று வருடம் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் தொங்கியது. மெல்பேர்னின் சன்ஷைன் முருகன் கோயிலில் வாங்கிய வேல் காந்தம் ஒன்று அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. மகளின் நீச்சல் வகுப்பு அட்டவணை, எந்த வாரம் எந்தக் குப்பைத் தொட்டி என்று சொல்லும் நகராட்சிக் காலண்டர், பீட்சாக் கடை நோட்டீஸ் எல்லாம் அதன்மேல் வந்து உட்கார்ந்து போயின. படிவம் மட்டும் அசையவில்லை. பைலட்டுகளுக்கான துணை வருமானக் காப்புத் திட்டம். உடல்நிலையால் பறக்க முடியாமல் போனால் மாதாமாதம் இவ்வளவு. இனி ஒருபோதும் முடியாது என்றால் மொத்தமாக இவ்வளவு. நான்கு பக்கம். முதல் பக்கத்தில் பெயரும் பிறந்த தேதியும் எழுதியிருந்தேன். இரண்டாம் பக்கத்துக்குப் போகவில்லை.

2016-ல் சக கேப்டன் ஒருவர் கொடுத்தது. எனக்கு அப்போது 36 வயது. காக்பிட்டில் வலது நாற்காலியிலிருந்து இடது நாற்காலிக்கு மாறி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மெல்பேர்ன் புறநகர் பொயிண்ட் குக்கில் வீடு வாங்கிய புதிது. முப்பது வருடக் கடன். திட்டத்துக்கு மாதம் 200 டாலருக்குச் சற்று மேல் கட்ட வேண்டும். முடியாத தொகை இல்லை, மனம் வராத தொகை.

பல்லாவரத்திலிருந்து அப்பா வாரம் ஒருமுறை பேசுவார். பேச்சுவாக்கில் சொன்னேன்.

“கட்டின காசு எப்ப திரும்ப வரும்?”

“வராதுப்பா. என்னால பறக்க முடியாமப் போனாத்தான் வரும்.”

“அப்படி ஒண்ணும் ஆகலைன்னா?”

“கட்டினது போனதுதான்.”

“அப்ப அது என்னடா பாலிசி? எல்.ஐ.சி.-லகூட இருபது வருஷத்துல போனஸோட குடுக்கறான்.”

அப்பாவைக் குறை சொல்லி என்ன பயன்? 1956-ல் எல்.ஐ.சி. வந்த நாளிலிருந்து நம் வீடுகளில் காப்பீடு என்றால் சேமிப்பு. பெண் கல்யாணத்துக்கு முதிர்வுத் தொகை கைக்கு வரவேண்டும்; நடுவில் யாருக்காவது ஏதாவது ஆனால் அதற்கும் ஓர் ஏற்பாடு, அவ்வளவுதான். வீணாகப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டே கட்டும் பணம் எங்கள் குடும்பப் பழக்கத்தில் கிடையாது. நானும் அவர் பிள்ளைதானே.

வேறு வேலை பார்ப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பைலட் லைசென்ஸ் ஆயுளுக்கும் செல்லும். ஆனால் கூடவே கிளாஸ் ஒன் மெடிக்கல் என்று ஒரு காகிதம் இருக்கிறது. அதன் ஆயுள் ஒரு வருடம். அது காலாவதியானால் லைசென்ஸ் இருந்தும் பயனில்லை. ஆஸ்திரேலியாவில் அந்தக் காகிதத்தைக் கொடுப்பது சிவில் விமானப் பாதுகாப்பு ஆணையம். ஆங்கில முதலெழுத்துகளைக் கூட்டிக் காசா என்போம். “காசா இன்னும் லெட்டர் அனுப்பலைம்மா” என்று போனில் சொன்னால் “எவ்வளவு காசு வரணும்?” என்பாள் அம்மா. அந்த ஆணையம் அங்கீகரித்த டாக்டர்தான் எங்களைச் சோதிப்பார். கண், காது, ரத்த அழுத்தம், சிறுநீர். 40-ஐத் தாண்டினால் வருடம் தவறாமல் ஈ.சி.ஜி.

எங்களுக்கு ‘மெடிக்கல் மாதம்’ என்று ஒன்று உண்டு. அந்த மாதத்தில் சோறு பாதியாகும், நடை இரட்டிப்பாகும். என் மெடிக்கல் அக்டோபர் கடைசியில் வரும், தீபாவளியை ஒட்டி. பதினைந்து வருடமாக அதிரசத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறேன்.

வங்கி அதிகாரிக்கு ஒரு முறை காரணம் தெரியாமல் மயக்கம் வந்தால் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வேலைக்குப் போவார். எனக்கு வந்தால் மூளை ஸ்கேன், இதய ஸ்கேன் எல்லாம் முடிந்து யாராவது ஒரு நிபுணர் எழுத்தில் உறுதி சொல்லும்வரை தரைதான். ஆளைப் படுக்க வைக்கும் நோயோடு, காகிதத்தை மட்டும் படுக்க வைக்கும் நோயும் எங்களுக்கு உண்டு. இரண்டாவது வந்தவன் புல் வெட்டுவான், பிள்ளையைப் பள்ளிக்கு ஓட்டிப்போவான், கிரிக்கெட்கூட ஆடுவான். சம்பளம் மட்டும் வராது.

எனக்கு வந்தது இரண்டாவது. 2019 அக்டோபர். பெர்த்திலிருந்து நள்ளிரவு விமானம் ஓட்டிவந்து, விடிந்து வீடு சேர்ந்து, காபிக்குப் பால் வைத்தேன். பால் பொங்குவதற்குள் தரையில் கிடந்தேன். இடது விலாவுக்குக் கீழே யாரோ ஈட்டியைச் செருகித் திருகுவதுபோல. ஆம்புலன்ஸ், ஊசி, சி.டி. ஸ்கேன். சிறுநீரகத்திலிருந்து பைக்கு இறங்கும் குழாயில் ஐந்து மில்லிமீட்டர் கல். மிளகு அளவு.

அந்தக் கல்லுக்கு அடித்தளம் போட்டது பதினாலு வருடத்துக்கு முன்பு என்று நினைக்கிறேன். மூராபினில் பயிற்சி முடித்த புதிய பைலட்டுகளுக்கு மெல்பேர்னில் யாரும் வேலை தர மாட்டார்கள். வடக்கே டார்வினுக்கோ கனனாராவுக்கோ போய், ஒற்றை இன்ஜின் செஸ்னா 210 ஓட்டி மணிக்கணக்குச் சேர்க்க வேண்டும். நான் ஆர்னம் லாண்டில் இரண்டு வருடம் ஓட்டினேன். தபால் பை, மளிகைச் சாமான், ஆஸ்பத்திரிக்குப் போகும் பாட்டி, பந்தாட்டத்துக்குப் போகும் பையன்கள். மழைக்கு முந்தைய மாதங்களில் விமானத்துக்குள் உட்கார்ந்தால் இட்லிப் பானைக்குள் உட்கார்ந்ததுபோல. செஸ்னாவில் கழிப்பறை கிடையாது. அதனால் காலையில் ஒரு காபி, பிறகு மத்தியானம்வரை தண்ணீர் தொடுவதில்லை. ஜெட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. 2001 செப்டம்பருக்குப் பிறகு காக்பிட் கதவைத் திறப்பதே ஒரு சடங்கு: கேபினைக் கூப்பிட்டு, வழியை மறித்து, ஆள் மாற்றி. அதற்குத் தாகத்தோடு இருப்பது மேல் என்று பல பைலட்டுகள் நினைக்கிறோம். உள்ளே காற்றோ பாலைவனக் காற்றைப்போல உலர்ந்தது. விளைவு மிளகு அளவில் வந்து சேர்ந்தது.

நான்காம் நாள் கல் தானாக வெளியேறியது. வலி போயிற்று. ஆனால் ஸ்கேனில் வலது சிறுநீரகத்தில் இன்னொன்று, மூன்று மில்லிமீட்டரில், சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. கிளாஸ் ஒன் வைத்திருப்பவனின் உடல்நிலை ஏழு நாளுக்கு மேல் வேலைக்கு இடைஞ்சலாக இருந்தால் டாக்டருக்கோ காசாவுக்கோ சொல்லியாக வேண்டும். சொன்னேன். இருபத்துநாலு மணி நேரச் சிறுநீரைக் கேனில் பிடித்து, ஃபிரிட்ஜில் வைத்து, பரிசோதனைக்குக் கொண்டுபோனேன். ஃபிரிட்ஜுக்குள் கேன், கதவுக்கு வெளியே படிவம். மனைவி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு லேசர், மறுபடி ஸ்கேன், நிபுணர் அறிக்கை. மீண்டும் விமானம் ஏறும்போது பிப்ரவரி நடு. மொத்தம் பதினெட்டு வாரம்.

காசாவைப் பற்றி எனக்குப் புகார் கிடையாது. 37,000 அடியில் அந்த வலி வந்தால் நான் பைலட் இல்லை, நாற்காலியில் சுருண்டு கிடக்கும் சுமை. அந்தக் கல்லோடு என்னைப் பறக்கவிட்டிருந்தால்தான் புகார் சொல்லியிருப்பேன்.

பதினெட்டில் ஒன்பது வாரம் நோய் விடுப்பு. நான்கு வாரம் வருட விடுப்பு. மிச்சம் ஐந்து வாரம் சம்பளமில்லை. என்னிடம் காப்பு எதுவும் இல்லை என்றும் சொல்ல முடியாது. இந்த நாட்டில் ஓய்வூதியச் சேமிப்புக்குச் சூப்பர் என்று பெயர். சம்பளத்துக்கு மேல் முதலாளி போடுவது, அன்று 9.5 சதவீதம், 2025 ஜூலையிலிருந்து 12. அதற்குள்ளேயே மரணம், நிரந்தர ஊனம், தற்காலிக வருமானம் என்று கொஞ்சம் காப்பீடும் இருக்கும். பலரைப்போல நானும் அதைப் படிக்காமலே நம்பியிருந்தேன்.

படித்துப் பார்த்தேன். நிரந்தர ஊனம் என்றால், என் படிப்புக்கும் பயிற்சிக்கும் அனுபவத்துக்கும் பொருந்திய எந்த வேலையையும் இனி செய்ய முடியாது என்று நிரூபிக்க வேண்டும். ‘எந்த வேலையையும்’ என்ற சொல்லில்தான் சூட்சுமம். பறக்க முடியாத பைலட் சிமுலேட்டரில் சொல்லித் தரலாம், வகுப்பெடுக்கலாம், செயல்பாட்டு அலுவலகத்தில் உட்காரலாம். ‘தன் சொந்த வேலையை’ என்று எழுதிய ஊனக் காப்பைச் சூப்பருக்குள் புதிதாக வாங்க 2014 ஜூலையிலிருந்து சட்டமே இடம் தருவதில்லை. வருமானக் காப்புக்குத் தொண்ணூறு நாள் காத்திருக்க வேண்டும். காத்திருந்தேன். விண்ணப்பத்தில் குடும்ப டாக்டர் நிரப்ப ஒரு பக்கம்: நோயாளியால் எந்தெந்த வேலைகளைச் செய்ய முடியவில்லை? டாக்டர் நல்ல மனிதர், நேர்மையானவர். பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “உங்களால் எல்லாம் முடியுமே” என்றார். உண்மைதான். வலி இல்லை, மருந்து இல்லை. அன்று காலையில் வேலிக்கு வண்ணம் அடித்துவிட்டுப் போயிருந்தேன். அந்த விண்ணப்பம் அதோடு நின்றது.

அந்த வாரங்களில் நிறைய நடந்தேன். பொயிண்ட் குக்கில் இன்று 66,000 பேருக்கு மேல் இருக்கிறோம், பாதிப் பேர் காலை ஏழரைக்குப் பொயிண்ட் குக் ரோட்டில் காருக்குள் நிற்பார்கள். நான் எதிர்த் திசையில் கடலைப் பார்த்துப் போவேன். சீத்தம் சதுப்பு நிலம் ஒரு காலத்தில் உப்பளம். வேதாரண்யம் பக்கம் பார்த்த பாத்திகளின் சாயல் இன்னும் தெரியும். கோடையில் சைபீரியாவிலிருந்து சிட்டுக்குருவி அளவு உள்ளான்கள் வந்து சேற்றைக் கொத்தும். கொஞ்சம் தள்ளி விமானப்படைத் தளம். 1914 மார்ச் 1-ம் தேதி எரிக் ஹாரிசன் பாக்ஸ்கைட் என்ற துணி விமானத்தை எழுப்பிய திடல். ஆஸ்திரேலிய ராணுவப் பறத்தல் பிறந்த இடம். ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர்கள் அங்கே வட்டமடித்துப் பழகுவார்கள். வேலியோரம் நின்று அவர்கள் இறங்குவதைப் பார்ப்பேன். ஒருவன் கொஞ்சம் உயரமாகவே மிதந்து வந்து தொப்பென்று விழுவான். என் வலது கை தானாகக் கால்சட்டைப் பைக்குள் த்ராட்டிலைத் தேடும். வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கும் தாடிக்காரனை மாணவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

ஒரு நாள் வீட்டுக்கு வந்ததும் படிவத்தைக் கழற்றினேன். காந்தம் இருந்த இடத்தில் வெள்ளைத் தடம்.

கையெழுத்துப் போடுமுன் எங்கள் கணக்காளரிடம் காட்டினேன். யாழ்ப்பாணத்துக்காரர், மெல்பேர்னுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல். வாசித்துவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“தம்பி, சூப்பருக்குள்ள ஒரு வருமானக் காப்பு இருக்கு, இது இன்னொண்டு. ரெண்டும் சேர்ந்து தரும் எண்டு நினைக்கிறீங்களோ?”

“தராதா?”

“ஒண்டு தந்தால் மற்றது கழிச்சுப்போடும். சின்ன எழுத்தில கிடக்கு. ரெண்டு குடை பிடிச்சாப்போல ரெண்டு மடங்கு நனையாமல் இருக்கேலுமே?”

எனக்கு யாரும் சொல்லாத விஷயம் அது. இரண்டு இடத்தில் பிரீமியம் கட்டலாம். இழப்பீடு வரும்போது மொத்தம் சம்பளத்தில் குறிப்பிட்ட பங்கைத் தாண்ட விடமாட்டார்கள். சூப்பருக்குள் இருந்த வருமானக் காப்பை ரத்து செய்யச் சொன்னார், மரணக் காப்பை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னார். “புதுசு கைக்கு வந்த பிறகு ரத்து செய்யுங்கோ, முதலே செய்துபோடாதேங்கோ” என்று இரண்டு தரம் சொன்னார். மாத வருமானத்துக்கான பிரீமியத்தை வரிக் கணக்கில் கழிக்கலாம், ஆனால் வரும் பணத்துக்கு வரி உண்டு. மொத்தத் தொகைக்கான பிரீமியத்துக்கு அந்தக் கழிவு கிடையாது என்பதையும் அவர்தான் பிரித்துக் காட்டினார்.

இன்னொரு தேர்வும் இருந்தது. பைலட்டுகள் தங்களுக்குள் நடத்தும் பரஸ்பர உதவி நிதி. காப்பீட்டு நிறுவனம் இல்லை. உறுப்பினர்கள் சந்தா போடுகிறார்கள், யாருக்காவது மெடிக்கல் போனால் அறங்காவலர்கள் பார்த்துத் தருகிறார்கள். ‘பார்த்து’ என்பதுதான் சட்டப்படியும் அதன் தன்மை; இப்படிப்பட்ட நிதிகளில் கொடுப்பது அவர்கள் விருப்புரிமை. இங்கே பிறந்த நண்பர்களுக்கு இதைக் கேட்டாலே கலக்கம். எனக்கு இல்லை, ஏனென்றால் அம்மாவின் ஊர் பேராவூரணி. ஆடி மாதம் அங்கே மொய் விருந்து. கறிச் சோறு போட்டு, நோட்டைத் திறந்து உட்கார்வார்கள். யாரும் யார்மீதும் வழக்குப் போட முடியாது. ஆனால் வாங்கினவன் திருப்பிச் செய்யாமல் அந்தத் தெருவில் நடக்கவும் முடியாது. அறங்காவலர்களும் பைலட்டுகள்தான் என்றால் மெடிக்கல் என்றால் என்னவென்று அவர்களுக்கு விளக்க வேண்டாம். குடும்ப டாக்டரின் பேனா அங்கே தடுமாறாது. இருந்தும் நான் காப்பீட்டு ஒப்பந்தத்தையே எடுத்தேன். முப்பது வருடக் கடன் வைத்திருப்பவனுக்குக் கையெழுத்திட்ட காகிதத்தின் மேல் ஒரு பற்று. இன்றைக்கு என்றால் என்ன செய்வேனோ.

அப்புறம் இரண்டாம் பக்கம். அதற்குத்தான் மூன்று வருடம் பயந்தேன் போலிருக்கிறது. பெற்றோருக்கு, உடன்பிறந்தவர்களுக்கு 60 வயதுக்குள் சர்க்கரை நோய், இதய நோய், பக்கவாதம்? அப்பாவுக்குச் சர்க்கரை 48-ல். பெரிய மாமாவுக்கு மாரடைப்பு 52-ல். நல்லவேளை, மாமாவைக் கேட்கவில்லை. கடந்த ஐந்து வருடத்தில் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததுண்டா? உண்டு. விவரம் எழுதுக. எழுதினேன்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. சேர்த்துக்கொள்கிறோம், ஆனால் சிறுநீரகக் கல்லும் அதனால் வரும் எதுவும் விலக்கு. என்னிடம் இருப்பதாகத் தெரிந்த ஒரே நோயைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் காப்பு. மனைவி படித்துவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வர இரண்டு நாள் ஆயிற்று.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2016-ல் சேராமல் மிச்சம் பிடித்தது சுமார் 7,500 டாலர். சேர்ந்திருந்தால்? அந்தத் திட்டத்துக்கும் தொண்ணூறு நாள் காத்திருப்பு. பதின்மூன்று வாரம் போனால் மிச்சம் ஐந்து வாரத்துக்குத்தான் பணம். ஏறக்குறைய சரிக்குச் சரி. அப்பாவின் கணக்குத் தப்பில்லை என்றுகூடச் சொல்லலாம். தப்பு வேறு இடத்தில். 36 வயதில் இரண்டாம் பக்கத்தில் எனக்கு எழுத ஒன்றுமே இருந்திருக்காது. அந்த வெற்றுப் பக்கத்தைத்தான் தொலைத்தேன். எவ்வளவு பிரீமியம் கட்டினாலும் அதைத் திரும்ப வாங்க முடியாது. இந்தத் திட்டங்களை ஒப்பிடும் எல்லோரும் மாதத் தொகையைப் பார்க்கிறார்கள், வயது வரம்பைப் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது தன் இரண்டாம் பக்கத்தை.

2020 பிப்ரவரியில் முதல் பிரீமியம். அதே மாதம் மீண்டும் பறந்தேன். மார்ச் 19-ம் தேதி குவாண்டாஸ் இருபதாயிரம் ஊழியர்களை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தது. ஏப்ரல் 21-ல் விர்ஜின் ஆஸ்திரேலியா திவால் நிர்வாகிகள் கைக்குப் போனது. துல்லமரைன் விமான நிலையத்தில் விமானங்கள் மூக்கோடு மூக்கு இடித்துக்கொண்டு நின்றன. என் உடம்பு சரி, மெடிக்கல் சரி, ஓட்டத்தான் ஒன்றும் இல்லை. அதற்கு எந்தத் திட்டமும் பைசா தராது, தரவேண்டியதும் இல்லை. அரசு இரண்டு வாரத்துக்கு 1,500 டாலர் ஜாப்கீப்பர் தந்தது.

சேரலாமா என்ற கேள்வியைவிடக் கஷ்டமானது அப்போது வந்தது.

“ஏங்க, பறக்கவே இல்லாதவருக்கு எதுக்கு லைசென்ஸ் இன்சூரன்ஸ்?” என்றாள் மனைவி. நியாயமான கேள்வி. அதைவிடச் சிக்கலான இன்னொன்றைக் கணக்காளர் போனில் சொன்னார். என்னுடையது கடைசிப் பன்னிரண்டு மாதச் சம்பளத்தை வைத்து இழப்பீடு கணக்கிடும் வகை. ஜாப்கீப்பரில் இருக்கும் மாதங்கள் கூடக் கூட, நோய் வந்தால் கிடைக்கும் தொகை குறைந்துகொண்டே போகும். பிரீமியமோ கேப்டன் சம்பளத்துக்கு. சம்பளம் எதுவானாலும் முன்பே ஒப்புக்கொண்ட தொகையைத் தரும் வகை பழைய ஆட்களிடம் இருந்தது. அதைப் புதிதாக விற்பதை 2020 மார்ச் 31-ஓடு நிறுத்தச் செய்துவிட்டது நிதி ஒழுங்குமுறை ஆணையமான அப்ரா. நான் கையெழுத்துப் போட்ட பிப்ரவரியில் அதைக் கேட்டு வாங்கியிருக்கலாம். அது அதிக விலை என்று தவிர்த்திருந்தேன். இதையும் என் சாமர்த்தியக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

நண்பர்கள் பலர் விட்டுவிட்டார்கள். நான் காப்புத் தொகையைப் பாதியாக்கி, பிரீமியத்தைக் குறைத்து, உயிரோடு மட்டும் வைத்துக்கொண்டேன். விட்டுவிட்டு மறுபடி சேர்ந்தால் இரண்டாம் பக்கத்தை மறுபடி நிரப்ப வேண்டும். எனக்கு 40 ஆகியிருந்தது, சர்க்கரை அளவு எல்லைக்கோட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பிரீமியத்தைக் கட்ட ட்ருகனினாவில் ஒரு கிடங்கில் இரவு ஷிஃப்ட் போனேன். கழிப்பறைக் காகிதப் பெட்டிகளை அடுக்கினேன். மெல்பேர்ன் பூட்டிக் கிடந்த அந்த 112 நாளில் அதற்கு இருந்த மவுசு எங்கள் சீருடைக்கு இல்லை.

ஆகஸ்ட் 7-ம் தேதி இரவும் கிடங்கில்தான் இருந்தேன். கோழிக்கோட்டில் மழையில் இறங்கிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டி விழுந்த செய்தி போனில் வந்தது. இரண்டு பைலட்டுகள் உட்பட 21 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு வந்த விசாரணை அறிக்கையில் முதன்மைக் காரணம் வேறு: ஓடுபாதையில் தொட வேண்டிய இடத்தைத் தாண்டித் தொட்டது, நிலைகுலைந்த இறக்கத்தைக் கைவிட்டு மறுபடி எழும்பாதது. ஆனால் இன்னொரு பகுதியும் அதில் உண்டு. கேப்டன் யாரும் எழுதித் தராத சர்க்கரை மாத்திரைகளைத் தானாக எடுத்திருக்கிறார். அதனால் சர்க்கரை சற்றுத் தாழ்ந்து முடிவெடுக்கும் திறன் மங்கியிருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். ஏன் எடுத்தார் என்பது அவரோடு போயிற்று. அதைப் படித்த எந்த இந்திய பைலட்டும் நெஞ்சில் கைவைத்து ‘எனக்குப் புரியவில்லை’ என்று சொல்ல மாட்டான். மெடிக்கல் மாதத்தில் எண்ணைக் கீழே கொண்டுவர நாங்கள் செய்யும் காரியங்களில் சில எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

ஜெர்மன்விங்ஸ் விபத்தைப் பற்றிய பிரெஞ்சு விசாரணை அறிக்கையில் இதற்கு நேரான ஒரு பக்கம் இருக்கிறது. 2015 மார்ச் 24. மனநோய் இருந்த துணை பைலட் வேண்டுமென்றே விமானத்தை ஆல்ப்ஸ் மலையில் மோதவைத்தார், 150 பேர் இறந்தார்கள். அந்தப் பழி அவருடையதுதான், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பயிற்சிக்கு அவர் சுமார் 41,000 யூரோ கடன் வாங்கியிருந்தார். மெடிக்கலில் பழைய மனச்சோர்வைப் பற்றிய விசேஷக் குறிப்பு இருந்ததால் லைசென்ஸ் இழப்புக் காப்பீடு எடுப்பது சிரமமாக இருக்கிறது என்று 2014 டிசம்பரில் ஒரு மின்னஞ்சலில் எழுதியிருந்தார். விசாரணையாளர்கள் மருத்துவ ரகசியத்தைப் பற்றிப் பரிந்துரைத்ததோடு, உடல்நிலையால் லைசென்ஸ் இழக்கும் பைலட்டின் பொருளாதார இழப்பை நிறுவனங்கள் குறைக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். பணத்தைப் பற்றிய பயம் டாக்டர் அறையில் பொய் சொல்ல வைக்கிறது என்பதை ஒரு விபத்து விசாரணை ஒப்புக்கொண்டது.

ஆஸ்திரேலியா இதில் மற்ற நாடுகளுக்கு முன்னால் போனது. மனச்சோர்வு மாத்திரை எடுத்துக்கொண்டே கண்காணிப்பில் பறக்க 1980-களிலேயே இங்கே வழி பிறந்தது. அமெரிக்காவில் அது 2010-ல்தான். ஆனால் ஆணையம் திறந்துவிட்ட கதவைக் காப்பீட்டுப் படிவம் பாதி சாத்துகிறது. நான் பார்த்த திட்டங்களில் மனநோய்க்கு மட்டும் இழப்பீட்டுக் காலம் குறுகியது. டாக்டரிடம் உண்மை சொன்னவன் பறக்கலாம், அடுத்த படிவத்தில் விலக்கு வாங்கிக்கொள்வான்.

காப்பு இருந்ததால் நான் மாறினேனா? ஒரு சம்பவம் சொல்கிறேன். 2023-ல், மெடிக்கலுக்கு ஆறு வாரம் முன்பு, படியேறும்போது இதயம் இரண்டு தரம் தவறி அடித்ததுபோல இருந்தது. 2018 என்றால் மாக்னீசியம் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன். இந்தத் தடவை மறுநாளே டாக்டருக்கு போன் செய்தேன். உடம்பில் ஹோல்டர் மாட்டி இருபத்துநாலு மணி நேரம் பதிவு செய்தார்கள், டிரெட்மில்லில் ஓட வைத்தார்கள். ஒன்பது நாள் தரையில். காபி அதிகம், தூக்கம் குறைவு, வேறொன்றும் இல்லை. அந்த ஒன்பது நாளும் நான் நன்றாகத் தூங்கினேன். கட்டிய பிரீமியத்துக்கெல்லாம் எனக்குக் கிடைத்தது இதுவரை இவ்வளவுதான். இழப்பீடாக ஒரு டாலர்கூட வரவில்லை. அப்பாவிடம் சொன்னேன். “இப்பவாவது தண்ணி குடிக்கறியா?” என்று கேட்டார். குடிக்கிறேன். இரண்டு லிட்டர் பாட்டில் இப்போது என் ஃப்ளைட் பையில் நிரந்தரம். கதவுச் சடங்கை வெட்கமில்லாமல் செய்கிறேன்.

போன மாதம் ஹோபார்ட்டிலிருந்து திரும்பும்போது வலது நாற்காலியில் மதுரைப் பையன், 31 வயது. வேலைக்கு வந்து எட்டு மாதம். கடலுக்கு மேல் அவனாகவே கேட்டான், “அண்ணே, அந்த லைசென்ஸ் பிளான் ஒண்ணு சொல்றாங்களே, சேரலாமா?”

“வீட்டுக் கடன் எவ்வளவு?”

சொன்னான். நான் விசிலடித்தேன்.

“சிக் லீவு எத்தனை நாள் சேர்ந்திருக்கு?”

“பத்துகூட இருக்காதுண்ணே.”

“அப்பாவுக்குச் சர்க்கரை எந்த வயசுல வந்துச்சு?”

“நாப்பத்தி ரெண்டு. ஏண்ணே?”

அதற்குள் பத்தாயிரம் அடி. அதற்குக் கீழே வேலைக்குப் புறம்பாக ஒரு வார்த்தை பேசக் கூடாது. இடது கை ஜன்னலில் விரிகுடா திரும்பியது. தூரத்தில் பொயிண்ட் குக்கின் பழைய ஓடுபாதைகள் குறுக்கே போட்ட இரண்டு தீக்குச்சிகள்போல. அவன்தான் இறக்கினான், பஞ்சுபோல.

கேட்டில் நிறுத்திக் காகிதங்களை முடிப்பதற்குள் அவனுக்குச் சிட்னி விமானத்துக்கு நேரமாகிவிட்டது. வீட்டுக்குப் போய்ப் படிவத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அன்று இரவே நீல டிக் விழுந்தது. பதில் இன்னும் வரவில்லை.